கத்திப் பிடியின் நிறம்

கருவி உழைப்புக்கு உரியது. அதற்கு நிறம் எதற்கு, அலங்காரம் எதற்கு என்று வினவுவோர் நம் அங்கத்தினரிடையே சிலர் உண்டு. கத்தி நன்றாய் வெட்டினாற் போதும், பிடி எந்த நிறமாயினும் ஆகுக என்பது அவர்கள் கொள்கை. சிக்கனத்தைப் பேணும் நோக்கத்துடன் எழுந்த கொள்கையாதலின் அதனை நாம் இகழ்வதற்கில்லை. எனினும், தறியில் அமர்ந்திருப்பவரும் தோட்டத்தில் நிற்பவரும் ஒருங்கே கைக்கொள்ளும் கருவியாகிய மடக்குக் கத்தியைப் பொறுத்தமட்டில் இக்கொள்கை பொருந்தாது என்பது நமது துணிபு. கத்திப் பிடியின் நிறம் வீண் ஆடம்பரம் அன்று. அஃது ஓர் அடையாளம்; தக்கவாறு அமைத்துக்கொண்டால் ஒரு பாதுகாப்பும் ஆகும். அவ்வாறு அமைத்துக்கொள்வதற்குரிய அறிவோ, வேறெங்கும் சென்று தேட வேண்டாதபடி, நமது சாயப்பட்டறையிலேயே இருக்கின்றது.

மடக்குக் கத்தி சிறியதாயினும் அதன் தொழில் சிறியதன்று. நெசவாளர் நூலின் பிசிறை அறுக்கவும், அவிழாத முடிச்சை நீக்கவும், சிப்பக் கட்டைப் பிரிக்கவும் அதனை நாடுகின்றனர். விவசாயிகள் ஒட்டுக் கட்டவும், வாழைச் சருகைக் கழிக்கவும், சாக்கின் வாய்த்தையலை அறுக்கவும் அதனையே எடுக்கின்றனர். முற்காலத்தில் மரமும் கொம்பும் எலும்புமாக இருந்த பிடிகள் இப்பொழுது பெரும்பாலும் பிளாஸ்டிக்காக மாறிவிட்டன. கடையில் மலிவாய்க் கிடைப்பவற்றுள் பல கறுப்பு, பழுப்பு, கரும்பச்சை ஆகிய நிறங்களைக் கொண்டவை. இவை கைக்கு அழுக்குத் தெரியாமல் இருக்க உதவலாம். ஆனால் சருகின்மேல் விழுந்த பழுப்புக் கத்தியையும், புல்லில் விழுந்த பச்சைக் கத்தியையும் தேடி எடுத்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். தேடிக் கிடைக்காத கத்தி ஒரு நாள் மாட்டின் குளம்பிலோ குழந்தையின் காலிலோ தட்டுப்படுமாயின், இழப்பு கத்தியின் விலையோடு நில்லாது.

பிடியின் நிறம் ஒரு கருவியின் பெயரையே நிலைநாட்டியதற்கு மேல்நாட்டில் சான்றுகள் உள. பின்லாந்து நாட்டில் 1649-ஆம் ஆண்டில் தோன்றிய பிஸ்கார்ஸ் என்னும் இரும்பாலை 1967-ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் பிடியமைந்த கத்தரிக்கோலைச் செய்தது. முதல் மாதிரியை வார்க்கும்பொழுது, பழச்சாறு பிழியும் சாதனத்துக்காக வைத்திருந்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் இயந்திரத்தில் எஞ்சியிருந்தது. அதனையே கொண்டு வார்த்தனர். பின்னர் எந்த நிறத்தில் விற்பது என்ற வினா எழுந்தபோது ஆலையிலுள்ளோரிடையே வாக்கெடுப்பு நடந்தது. கறுப்பை வென்று ஆரஞ்சு நின்றது. இன்று உலகின் எப்பகுதித் தையற்காரரும் அந்நிறத்தைக் கண்டதும் அக்கத்தரிக்கோலை அறிந்துகொள்கின்றனர். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பவர் 1884-ஆம் ஆண்டில் தொடங்கிய பட்டறையின் கதையும் இத்தகையதே. 1891-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சிப்பாய்களுக்கு அப்பட்டறை அளித்த கத்தியின் பிடி கருமையான மரம். 1897-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பெற்ற அதிகாரிகள் கத்தியின் வழிவந்தவையோ, பிற்காலத்தில் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் பெற்று உலகெங்கும் பரவின. அலகின் தரமே அக்கத்திக்கு மதிப்பைத் தந்தது, ஐயமில்லை. எனினும் அந்த மதிப்பைக் கண்ணுக்குக் காட்டி நிற்பது பிடியின் நிறமே அன்றோ?

இவையெல்லாம் அடையாளத்தைப் பற்றியவை. பாதுகாப்பு என்று நாம் மேலே கூறியது இதனினும் முக்கியமானது. நமது தோட்டக்கார அங்கத்தினர்கள் ஊன்றிக் கருத வேண்டியது.

பயிர் நோய்களுள் சில காற்றாலும் பூச்சியாலும் பரவுகின்றன. வேறு சில நம் கையிலுள்ள கத்தியாலேயே பரவுகின்றன. எலுமிச்சை, நாரத்தை இனங்களில் பட்டை வெடித்து உரியும் எக்ஸோகார்ட்டிஸ் என்ற நோய் அத்தகையது. அதற்குக் காரணம் வைராய்டு எனப்படும், வைரஸினும் மிகச் சிறியதொரு நோய்ப்பொருள். இவ்வினத்தை முதன்முதலில் உருளைக்கிழங்கின் நோயொன்றில் கண்டறிந்து 1971-ஆம் ஆண்டில் உலகுக்கு உரைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி தியடோர் டைனர். நோயுள்ள மரத்தில் மொட்டெடுத்த கத்தியைக் கொண்டு அடுத்த கன்றில் ஒட்டுக் கட்டினால் நோயும் உடன் செல்லும். அலகைத் தீயில் வாட்டுவதால் மட்டும் இது நீங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. சலவைக்குப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை நீர்த்த கரைசலாக்கி அதில் அலகைத் தோய்த்தெடுப்பதே நம்பத்தக்க வழி. கரும்பின் மறுதாம்புக் குட்டை நோயும் வெட்டும் அலகால் பரவுவதே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அறியப்பெற்ற இந்நோய் வெளிக்கு எளிதில் தெரியாது. பயிர் குன்றி மகசூல் குறைந்த பின்னரே ஐயம் எழும்.

இவ்விடத்தில்தான் நிறம் துணை நிற்கின்றது. நோய் ஐயமுள்ள மரங்களுக்கென ஒரு கத்தியும், நல்ல கன்றுகளுக்கென மற்றொரு கத்தியும் வைத்துக்கொள்வது எளிய முறை. இரண்டும் ஒரே நிறமாய் இருப்பின், வேலையின் விரைவில் எது எது என்று மயங்குவது இயல்பு. வேலையாள் மாறினாலோ கேட்கவே வேண்டாம். நிறம் வேறாயின், எழுத்தறியாதவரும் ஒரு நொடியில் அறிவர். பெரிய உணவுக்கூடங்களில் பச்சை இறைச்சிக்கு ஒரு நிறப் பிடியும், மீனுக்கு வேறு நிறமும், காய்கறிக்கு இன்னொரு நிறமுமாகக் கத்திகளையும் பலகைகளையும் பிரித்து வைக்கும் வழக்கம் இக்காரணம் பற்றியே ஏற்பட்டது. அடுக்களைக்கு ஏற்ற அறிவு தோட்டத்துக்கு ஆகாது என்பாருண்டோ? ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நிறம் நினைவூட்டும், தூய்மை செய்யாது. மஞ்சள் பிடி இருக்கின்றதே என்று அலகைக் கழுவாமல் விடுவோமாயின், நிறத்தால் பயனில்லை என்பது மட்டுமன்று, பொய்யான துணிவினால் கேடும் விளையும்.

எந்த நிறத்தைத் தேர்வது? சிவப்பும் பச்சையும் என்று பலர் உடனே கூறுவர். நாம் அதனை ஆதரிக்கவில்லை. ஆண்களுள் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. தமக்கு அக்குறை உண்டென்பதை அவர்களிற் பலர் அறிவதுமில்லை. பச்சைப் பிடி புல்லில் மறையும் என்பதை முன்னரே கூறினோம். மஞ்சளும் நீலமும் அவர்களுக்கும் வேறுபட்டுத் தோன்றும். மண்ணிலும் சருகிலும் புல்லிலும் நீலம் எளிதில் மறையாது. மஞ்சள் காய்ந்த சருகிடையே சற்று மயங்கினும், பளிச்சென்ற அடர்மஞ்சளாயின் அக்குறை பெரிதன்று. ஆதலின் நல்ல கன்றுக்கு நீலம், ஐயமுள்ள மரத்துக்கு மஞ்சள் என்று வகுத்துக்கொள்வது நலம்.

இனி, நிறமேற்றும் வகையைக் கூறுவோம். பிளாஸ்டிக்குக்கு வர்ணம் பூசுவது வேறு, சாயமேற்றுவது வேறு. பூசிய வர்ணம் மேலே நிற்கும்; கையின் வியர்வையும் உராய்வும் பட்டுச் சில மாதங்களில் உரியும். சாயமோ பொருளினுள் ஓரளவு புகுந்து பிடித்துக்கொள்ளும். எல்லாப் பிளாஸ்டிக்கும் சாயத்தை ஏற்பதில்லை. ஏற்பவற்றுள் சிறந்தது நைலான். இதற்குக் காரணம் பட்டு நெய்வோருக்கு வியப்பளிக்கும். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்பவர் நைலானைச் செயற்கையாய் அமைத்தபோது, பட்டிலும் கம்பளியிலும் அணுக்கூட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து நிற்கும் அமைடு என்ற அதே பிணைப்பே அதிலும் அமைந்தது. ஆதலால் பட்டுக்கு நாம் பயன்படுத்தும் அமிலச் சாயங்கள் நைலானையும் பற்றுகின்றன. பட்டுக் கழியைத் தோய்க்கும் சாயக்காரர், தாம் அறியாமலே, நைலான் கத்திப் பிடிக்கும் சாயமேற்றக் கற்றவராய் இருக்கின்றார்! பருத்திக்கு உப்பும் சோடாவும் இட்டுச் செய்யும் முறை இங்கே பயன்படாது என்பதையும் அவரே சொல்வார்.

முதலில் பிடி எப்பொருளால் ஆனது என்று அறிதல் வேண்டும். உற்பத்தி செய்தோர் உட்புறத்தில் பி.ஏ. என்று பொறித்திருந்தால் அது நைலான், பி.பி. என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். பொறிப்பு இல்லையாயின், கழற்றிய பிடியை நீரில் இட்டுப் பார்க்கலாம். பாலிபுரோப்பிலீன் நீரினும் இலேசானது, மிதக்கும். மிதப்பது நமது சாயத்தை ஏற்காது என்று அறிந்து அத்துடன் விட்டுவிடுக. மூழ்குவதெல்லாம் நைலான் என்றும் கொள்ளற்க. சிவப்புச் சுவிஸ் கத்திகளுள் பலவற்றின் பிடி செல்லுலோஸிலிருந்து ஆக்கிய வேறொரு பிளாஸ்டிக். அதுவும் மூழ்கும்; ஆனால் கொதிநீரின் சூட்டில் இளகி வடிவம் கெடலாம். அத்தகைய கத்திக்கு வேண்டிய நிறத்தில் மாற்றுப் பிடி வாங்கிப் பொருத்துவதே நன்று. மிகப் பழைய கத்திகளில் செல்லுலாயிடு பிடி இருக்கக்கூடும். அஃது எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்பருகே கொண்டுசெல்லவே வேண்டாம்.

இன்னொரு வரம்பும் உண்டு. சாயம் நிறத்தைச் சேர்க்குமேயன்றி நீக்காது. கறுப்புப் பிடியை மஞ்சளாக்க எச்சாயத்தாலும் இயலாது. மஞ்சள் பிடியை நீலச் சாயத்தில் இட்டால் பச்சையே வரும். வெள்ளை, தந்த நிறம், வெளிர்ச் சாம்பல் ஆகியவையே நமக்கு ஏற்றவை. ஆதலின் இனிக் கத்தி வாங்குவோர் பிடி வெளிறியதாய்ப் பார்த்து வாங்குவாராக. உறுதிக்காகக் கண்ணாடி இழை கலந்த நைலானில், இழை மட்டும் சாயம் ஏற்காது. ஆங்காங்கே சிறு புள்ளிகள் தோன்றலாம். இது குற்றமன்று.

பிடியைத் திருகாணி நீக்கிக் கழற்றிக்கொண்ட பின்னரே சாயமிடல் வேண்டும். அமிலம் கலந்த வெந்நீர் எஃகைக் கெடுக்கும். துரு ஏறிய அலகுக்கு அழகிய பிடி என்ன செய்யும்? ஆணியடித்து இறுக்கிய, கழற்ற இயலாத கத்திகளை இம்முறைக்கு உட்படுத்த வேண்டாம். அவற்றுக்கு வண்ண நாடா சுற்றினாற் போதும். கழற்றிய பிடியைச் சோப்பு நீரில் நன்கு கழுவி எண்ணெய்ப் பசை போக்குக. சமையலுக்குப் பயன்படாத எனாமல் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் சாயத்தைக் கரைத்து, சிறிது வினிகர் அல்லது அசிட்டிக் அமிலம் சேர்த்து, 80 முதல் 90 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றுக. தளதளவென்று கொதிக்க விடற்க. பிடியை நூலிற் கட்டித் தொங்கவிடுக. பாத்திரத்தின் அடியில் கிடந்தால் வளையும், சாயமும் ஒரு சீராய் ஏறாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, வேண்டிய அடர்த்தி வந்ததும் நிறுத்திக்கொள்க. உடனே குளிர்நீரில் எறியாமல் சாயநீரிலேயே ஆறவிட்டு, பின்னர் நீர் தெளியும்வரை அலசுக. முதன்முறை செய்வோர் வெளிக்குத் தெரியாத சிறு பகுதியொன்றை முன்னதாகத் தோய்த்துப் பார்ப்பது அறிவுடைமை. பின்னாளில் சலவைக் கரைசலில் அலகை மட்டும் தோய்த்து, கழுவித் துடைத்து எண்ணெய் தடவுக; அக்கரைசல் பிடியின் சாயத்தையும் வெளுக்கச் செய்யும், எஃகையும் அரிக்கும்.

இதற்குச் சொல்லப்படும் தடைகள் சிலவற்றை நாம் அறிவோம். நிறக் கத்தியே கடையில் கிடைக்கின்றதே, வாங்கிவிட்டாற் போகாதா என்பது ஒன்று. வாங்கத் தக்கவர் வாங்குவதை யார் தடுப்பார்? ஆனால் கையில் உள்ள நல்ல அலகை நிறத்துக்காகப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது சிக்கனமாகாது. வெயிலில் நிறம் மங்குமே என்பது மற்றொன்று. மங்கும், மீண்டும் தோய்க்கலாம். வேட்டி வெளுக்குமென்று கட்டாமல் இருக்கிறோமா? தன் கத்திக்குத் தான் விரும்பிய நிறத்தை இடுவது சிறுபிள்ளைத்தனம் என்பது மூன்றாவது. சேலைக்குக் கரை நிறத்தைத் தேர்வோரின் விருப்பத்தாலேயே பிழைப்பு நடத்தும் நாம், அவ்விருப்பத்தை இன்னொரு பொருளில் கண்டு நகைப்பது தகாது. தமக்கென்று ஓர் அடையாளம் பெற்ற கருவியை மனிதர் பேணிக் காப்பர் என்பதும் உண்மையே.

நாம் மிகவும் அஞ்சுவது வேறொன்று. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கொல்லையில் சாயம் காய்ச்சி, எஞ்சியதைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்டத் தொடங்கினால் என்னாகும்? நொய்யலாற்றின் கதையை நம் மாநிலத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாய் மாறியதையும், 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டதையும் யாவரும் அறிவர். அங்கே வருந்தியவர்களும் விவசாயிகள். வேலையிழந்து வருந்தியவர்களும் தொழிலாளர்கள். நெசவாளரும் விவசாயிகளும் ஒரே சங்கத்தில் அமர்ந்திருக்கும் நாம், ஒருவர் கழிவு மற்றவர் வயலுக்குச் செல்வதைச் சிறிதளவேனும் பொறுத்தலாகாது. சிறிய கத்திப் பிடிக்குச் செலவாகும் சாயம் சிறிதுதானே என்பது விடையாகாது. நூறு வீட்டின் சிறிது ஒரு கிணற்றுக்குப் பெரிது.

ஆதலின் இதனைத் தனியொருவர் செயலாய் விடாமல் சங்கத்தின் பொதுக் காரியமாய்ச் செய்ய வேண்டும் என்பது நமது கோரிக்கை. பட்டுக்குச் சாயமிடும் நாளில், கழிகள் வெளியேறிய பின் தொட்டியில் எஞ்சும் சாயநீரிலேயே பல பிடிகளைத் தோய்த்தெடுக்கலாம். தனியே அடுப்பு மூட்ட வேண்டாம். தனியே சாயம் வாங்க வேண்டாம். எஞ்சும் நீரும் பட்டறையின் கழிவோடு சேர்ந்து முறைப்படி சுத்திகரிப்புக்குச் செல்லும். அவ்வாறு சுத்திகரிப்புக்கு வழியற்ற பட்டறை, இவ்வேலையை ஏற்குமுன் அவ்வழியைக் காண்பதே முறை. இந்தியாவில் 1997-ஆம் ஆண்டில் தடை செய்யப்பெற்ற அசோ சாயங்களுள் எதுவும் நம் பட்டறைக்குள் வராதபடி பார்த்துக்கொள்வதும் நிர்வாகிகளின் கடமை. நாள்தோறும் கையில் படும் பொருளுக்கு அக்கடமை இரட்டிப்பாகின்றது.

பொதுக் காரியமாய்ச் செய்வதால் விளையும் மற்றொரு நன்மையே எல்லாவற்றினும் பெரிது. நீலம் நல்ல கன்றுக்கு என்று ஒருவர் தம் தோட்டத்தில் வகுத்துக்கொண்டு, அடுத்த தோட்டத்தார் அதனையே நோயுள்ள மரத்துக்கு என்று வகுத்துக்கொள்வாராயின், இரண்டு தோட்டத்திலும் வேலை பார்க்கும் கூலியாள் என்ன செய்வார்? ஒருவர் மட்டும் அறிந்த நிறம் அலங்காரமாகவே நின்றுவிடும். ஊரார் யாவரும் ஒப்புக்கொண்ட நிறமோ ஒரு மொழியாகும். ஒப்புக்கொள்ளச் செய்வது கடையால் ஆகாது. தனி மனிதரின் கெட்டிக்காரத்தனத்தாலும் ஆகாது. ஒன்றுகூடிப் பேசி, மாறுபட்டோர் கருத்தையும் கேட்டு, பெரும்பான்மையோர் முடிவைப் பதிவேட்டில் எழுதி, அதன்படி நடப்பதற்கென்றே சங்கம் இருக்கின்றது. மேலே கூறிய ஆலையார் விற்பனைப் பொருளின் நிறத்துக்கே வாக்கெடுப்பு நடத்தினர் எனில், பயிரைக் காக்கும் நிறத்துக்கு நாம் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுதல் மிகையோ?

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் நிர்வாக சபையார் இதனை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பாராக. மஞ்சளும் நீலமும் நாம் கூறிய யோசனை. இவற்றினும் நல்லதை எடுத்துரைப்போர் உளராயின் அதனை ஏற்கத் தடையில்லை. எந்த நிறமாயினும் ஒரே நிறமாய், எல்லோருக்கும் தெரிந்த நிறமாய் இருத்தலே வேண்டுவது. சாயக்கார அங்கத்தினர் தம் கைத்திறனை அளிப்பாராக. தோட்டக்கார அங்கத்தினர் ஆளுக்கு இரண்டு கத்தியும் அலகைத் தூய்மை செய்யும் பழக்கமும் கொள்வாராக. தம் சட்டைப் பையில் வைக்கும் கத்திக்கு அவரவர் மனம் விரும்பும் நிறத்தை இட்டுக்கொள்வதும் அவரவர் உரிமையே. கன்றின்மேல் வைக்கும் கத்தியின் நிறமோ ஊரார் அனைவருக்கும் பொதுவானது. அதனை ஊரார் கூடியே தீர்மானிப்போமாக.